ஊசி போட்ட இரண்டாம் நாளே அம்மா எழுந்து நடக்கிறார். அப்படியானால் தலையில் இருப்பது கட்டி இல்லையா?

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு
ஜூலை 9, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா, ஓரத்தில் கொஞ்சம் செந்தூரா. அம்மாவுக்கு 54 வயது. சர்க்கரை கிடையாது, பிரஷர் மட்டும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் அக்கா வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

போன தை மாதம் பூவுக்கு மருந்து அடித்தோம். அந்த நாற்றத்துக்கு நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அம்மா மருந்து கலக்கும் டிரம்முக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். “நாறலையாம்மா?” என்றால், “என்ன நாறுது?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். கொரோனா வந்துபோன மூக்கு என்று சொல்லிச் சிரித்தோம். மாசியில் இரண்டு தடவை குழம்பு அடிப்பிடித்துத் தீய்ந்தது. பக்கத்து வீட்டு ஆயா ஓடிவந்து சொல்கிற வரைக்கும் அம்மா அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் ஆளே மாறிப்போனார். எங்கள் வீட்டில் மாங்காய்க்கு விலை பேசுவது அம்மாதான். வியாபாரி டன்னுக்கு ஒரு விலை சொன்னால் அம்மா சிரித்துக்கொண்டே மோர் கொடுத்து, அரை மணி நேரம் உட்கார வைத்து, நூறு இருநூறு ஏற்றாமல் விடமாட்டார். இந்த வருடம் வியாபாரி திண்ணைக்கு வந்தபோது டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் “ஏதோ போட்டுக் கொடு” என்றார். அப்பாவுக்குக் கோபம். எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. மருமகள் வந்ததிலிருந்துதான் இப்படி என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா படுக்கையிலேயே சிறுநீர் போக ஆரம்பித்திருக்கிறார். அதை யாரிடமும் சொல்லாமல், விடியுமுன் துணியை அலசிக் காயப்போட்டது என் மனைவிதான். பதினைந்து நாள் கழித்துத்தான் எனக்கே தெரியும்.

சித்திரையிலிருந்து விடியற்காலைத் தலைவலி. நாலு, நாலரைக்கு எழுந்து தலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்காருவார். குமட்டல் எதுவும் இல்லாமல் திடீரென்று வாந்தி வரும். எடுத்ததும் கொஞ்சம் தெளிவாகிவிடுவார். ஒரு டாக்டர் கேஸ் என்றார். இன்னொருவர் மனசு சரியில்லை என்று தூக்க மாத்திரை கொடுத்தார்.

போன வாரம் காய் பறிக்கும்போது மரத்தடியிலேயே வலிப்பு வந்துவிட்டது. கூலி ஆள் ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். 108-க்குப் போன் செய்து கொண்டுபோனோம். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: நெற்றிப் பகுதிக்கு அடியில், நடுவில், 5.1 x 4.6 செ.மீ. அளவில் எக்ஸ்ட்ரா ஆக்சியல் லீஷன், கான்ட்ராஸ்ட்டை ஒரே சீராக எடுக்கிறது, சுற்றிலும் எடிமா, மெனிஞ்சியோமாவாக இருக்கலாம், கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. பார்க்கவும்.

டெக்சா என்று ஓர் ஊசி, வலிப்புக்கு ஒரு மாத்திரை. இரண்டாம் நாள் காலையில் அம்மா எழுந்து உட்கார்ந்து, “காய் என்ன விலைக்குப் போச்சு?” என்றார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன். இப்போது வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்றால், கட்டியாக இருந்தால் இரண்டு நாளில் சரியாகுமா, ரிப்போர்ட்டே தப்பு என்கிறார்கள். தலையில் கத்தி வைத்தால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று மாமா வேறு பயமுறுத்துகிறார்.

கட்டி இருக்கிறதா, இல்லையா? இருந்தால் அது கேன்சரா? சி.டி. எடுத்த பிறகு எம்.ஆர்.ஐ. எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

————

ஊர்க்குருவி
ஜூலை 10, காலை 6.15

பயப்படாதீங்க தம்பி. தும்பைப்பூச் சாற்றை மூக்கில் நாலு சொட்டு விடுங்க, தலையில் இருக்கிற கெட்ட நீர் எல்லாம் இறங்கிடும். எங்க தாத்தா காலத்து வைத்தியம்.

————

ஸ்கேன்_ரூம்_அக்கா
ஜூலை 10, மதியம் 2.05

மேலே சொன்னதைச் செய்யாதீர்கள் தம்பி. ஜலதோஷத்துக்கு என்னவோ, இதற்கு மூக்கில் எதையும் விடவேண்டாம்.

நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் 19 வருடமாக ஸ்கேன் மெஷின் ஓட்டுகிறேன். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டர். ஆளைப் படுக்க வைப்பது, படம் எடுப்பது, வெளியே வந்ததும் “ஏதாவது இருக்குங்களா மேடம்?” என்று கேட்பவர்களிடம் பதில் சொல்லாமல் நழுவுவது, இவ்வளவுதான் என் வேலை. இங்கே நழுவப் போவதில்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஊசி. டெக்சாமெதசோன் கட்டியைக் கரைக்கும் மருந்து கிடையாது. கட்டி இருக்கும் இடத்தைச் சுற்றி மூளை நீர் கோத்து வீங்கும். ரிப்போர்ட்டில் எடிமா என்று போட்டிருப்பது அதைத்தான். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. உள்ளே ஐந்து சென்டிமீட்டர் கட்டியும் வேண்டும், வீக்கத்துக்கும் இடம் வேண்டும் என்றால் நசுங்குவது மூளை. ஊசி வீக்கத்தை இறக்கியது, அம்மாவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது, மாங்காய் விலை கேட்டார். கட்டி அதே அளவில் அங்கேயே இருக்கிறது. நன்றாகிவிட்டார் என்று வீட்டுக்குக் கூட்டிப்போய், அந்த மருந்தைத் தாங்களாகவே நிறுத்தி, பத்தாம் நாள் ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். இந்த மருந்து சர்க்கரையை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும். அதனால் சர்க்கரை பார்க்கச் சொன்னால் பாருங்கள். வலிப்பு மாத்திரையில் ஒரு வேளைகூடத் தவறக்கூடாது.

சாவிக்கொத்து பற்றியும் சொல்லவேண்டும். வலிப்பை இரும்பு நிறுத்தாது, அது தானாக நிற்கும் நேரத்தில் நாம் சாவி கொடுத்திருப்போம். மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் ஸ்பூன் எதுவும் திணிக்காதீர்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

அடுத்து, நீங்கள் எழுதிய கதை. அதைப் படித்ததும் எனக்குப் படமே பார்க்க வேண்டியிருக்கவில்லை. மோப்பம் பிடிக்கும் நரம்பு மூளையின் முன்பகுதிக்கு அடியில், மூக்குக்கு நேர் மேலே படுத்திருக்கிறது. முதலில் அதுதான் நசுங்கியது, மருந்து நாற்றம் தெரியவில்லை. பிறகு அதற்கு மேலே உள்ள முன்மூளை. ஆர்வம், அக்கறை, வெட்கம், சிறுநீரை அடக்குவது எல்லாம் அந்தப் பக்கத்து வேலை. அங்கே மெதுவாக அழுத்தினால் கை கால் விழாது, பேச்சுக் குழறாது. ஆள் மட்டும் மாறிப்போவார். வீட்டில் சோம்பேறித்தனம், மனச்சோர்வு, மருமகள் என்று காரணம் தேடுவோம். மாங்கொட்டை வண்டு தெரியுமே உங்களுக்கு, வெளியே ஒரு ஓட்டை இருக்காது, அறுத்துப் பார்த்தால்தான் கொட்டைக்குள் உட்கார்ந்திருக்கும், அந்த மாதிரி. மூக்கு, அடுப்பு, திண்ணை, படுக்கை, விடியற்காலை வாந்தி, வலிப்பு எல்லாமே ஒரே விலாசம் தம்பி. உங்கள் மனைவியிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா?

படுத்தே இருக்கும்போது தலைக்குள் அழுத்தம் ஏறும், அதனால்தான் விடியற்காலையில் வலி கூடும். இருமினால், குனிந்தால் இன்னும் கூடும். அதற்காகத் தலைவலி வந்தவர்கள் எல்லோரும் ஸ்கேனுக்கு ஓடி வரவேண்டாம். என்னிடம் தலைவலி என்று வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் படம் சுத்தமாகத்தான் இருக்கும். இதுவரை இல்லாத புது மாதிரி வலி, நாளுக்கு நாள் ஏறுவது, கூடவே வாந்தி, பார்வைக் கோளாறு, ஒரு பக்கம் பலக்குறைவு, நடத்தை மாற்றம் என்று சேர்ந்து வந்தால் பார்க்கவேண்டும். பெரியவர்களுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வலிப்பு வந்தால் கேள்வியே இல்லை, படம் எடுத்தே ஆகவேண்டும்.

கட்டி எந்த இடம் என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். ஊத்தங்கரையிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா ஒரு வருடமாகப் போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றி வைத்துப் பேசியிருக்கிறார், அவருக்கே தெரியாமல். மகள் கவனித்துக் கூட்டி வந்தாள். கேட்கும் நரம்பில் கட்டி, ஷ்வான்னோமா என்பார்கள், சாதுவான வகை. குழந்தைகளுக்குப் பின்னந்தலையில், சிறுமூளையில் வரும். காலையில் வாந்தி, நடை தள்ளாடும். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறான் என்று இரண்டு அடி வாங்கிக்கொண்டு வந்த பையனுக்கு மெடுல்லோபிளாஸ்டோமா என்ற சிறுமூளைக் கேன்சர் இருந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது பக்கக் கட்டி பேச்சைப் பிடிக்கும். இடது மூளையில் இருந்தால் வலது கை கால்தான் பலமிழக்கும்.

இப்போது உங்கள் ‘கேன்சரா’ கேள்வி. மூளைக்கட்டி என்பது ஒரே நோயின் பேர் இல்லை. நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கி மூளையில் வந்து உட்காருவது ஒரு வகை. மூளையிலோ அதன் உறையிலோ பிறப்பது இன்னொரு வகை. உங்கள் ரிப்போர்ட்டில் எக்ஸ்ட்ரா ஆக்சியல் என்று இருக்கிறதே, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூளைச் சதைக்குள் இல்லை, வெளியிலிருந்து அழுத்துகிறது என்று அர்த்தம். தேங்காய் ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவில் பழுப்பாக ஒரு தோல் இருக்குமே, அந்த மாதிரி மூளையைச் சுற்றி உறைகள் உண்டு. அந்த உறையில் பிறப்பது மெனிஞ்சியோமா. பெண்களுக்கு அதிகம் வரும். பத்தில் எட்டு, கிரேடு 1 என்ற சாதுவான வகை. மெதுவாக வளரும், வருடக்கணக்கில். க்ளையோமா வேறு. அது மூளைத் திசுவிலேயே பிறந்து அதிலேயே கலந்து வளரும். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், களி உருண்டையில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழும், விரலை எடுத்துவிடலாம். களியில் கரைந்த உப்பை எடுக்க முடியாது. க்ளையோமாவை முழுசாக எடுப்பது கஷ்டம் என்று டாக்டர்கள் சொல்வது அதனால்தான். அதிலும் மெதுவானது, வேகமானது என்று பல உண்டு. கடைசியில் நிற்பது க்ளையோபிளாஸ்டோமா, கிரேடு 4.

ஆனால் படத்தை வைத்து மட்டும் பேர் சூட்டக்கூடாது. பர்கூரில் கிரானைட் பாலிஷ் போடும் பையன், 22 வயது, வலிப்போடு வந்தான். சி.டி.யில் 12 மில்லிமீட்டரில் ஒரு வளையம். யாரோ கேன்சர் என்று சொல்லிவிட, அவன் அம்மா என் ஸ்கேன் ரூம் வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டார். கடைசியில் அது நாடாப்புழுவின் சிறு கூடு. பன்றிக்கறி தின்னாதவன், தின்னவேண்டும் என்றும் இல்லை, புழு வயிற்றில் உள்ள யாரோ ஒருவர் கை வழியாக, கழுவாத கீரை வழியாக முட்டை வந்துவிடும். காசநோய்க் கட்டியும் இப்படி வளையமாகத் தெரியும். நம் நாட்டில் இரண்டுமே சகஜம். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் இதற்கு ஒரு வரையறையே வகுத்திருக்கிறார்கள்: வலிப்போடு வந்தவர், ஒரே ஒரு வளையம், 20 மில்லிமீட்டருக்குள், மூளையின் நடுக்கோடு நகரவில்லை, தலைக்குள் அழுத்தம் ஏறவில்லை, பலக்குறைவு ஏறிக்கொண்டே போகவில்லை, உடம்பில் வேறு பெரிய நோய் இல்லை என்றால் இந்தப் புழுக்கூடாக இருக்கவே வாய்ப்பு அதிகம், உடனே மண்டையைத் திறக்கவேண்டாம். இந்தியாவிலேயே முதல் மூளை அறுவைத் துறையை 1949-இல் ஜேக்கப் சாண்டி தொடங்கிய இடமாயிற்றே, சும்மாவா. அந்தப் பையனுக்கு மூன்று மாதம் கழித்து நான்தான் மறுபடி படம் எடுத்தேன். மிளகு அளவில் ஒரு புள்ளி மட்டும் இருந்தது. உங்கள் அம்மாவுடையது அந்தக் கதை இல்லை, ஐந்து சென்டிமீட்டர். பேர் சீக்கிரம் வைக்கக்கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

சி.டி. அவசரத்துக்கு. சில நிமிடத்தில் ரத்தக்கசிவு, எலும்பு, சுண்ணாம்புப் படிவம் எல்லாம் சொல்லிவிடும். எம்.ஆர்.ஐ. சாவகாசமாக மென்மையான பாகத்தைக் காட்டும். கட்டி உறையில் எங்கே ஒட்டியிருக்கிறது, கண் நரம்பு எவ்வளவு தூரம், முன்மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கட்டியைச் சுற்றிக்கொண்டு இருக்கிறதா, இதெல்லாம் ஆபரேஷன் செய்கிறவருக்குத் தெரிந்தாகவேண்டும். அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, காந்தம்தான். கட்டி பளிச்சென்று தெரிவதற்குக் கான்ட்ராஸ்ட் ஊசி போடுவார்கள் என்பதால் முன்னாடியே கிரியேட்டினின் என்ற சிறுநீரக ரத்தச் சோதனை பார்த்து ரிப்போர்ட் கொண்டு போங்கள். அரை மணிக்கு மேல் அசையாமல் படுக்கவேண்டும், டமடமவென்று சத்தம் வரும், காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், பழைய ஆபரேஷனில் வைத்த கிளிப் ஏதாவது இருந்தால் முன்பே சொல்லவேண்டும்.

அப்புறம், ஊக்கு. சிரிக்காதீர்கள். நம் பெண்கள் தாலிக்கொடியில் ஊக்கைக் கோத்து வைத்திருப்பார்கள். ‘எல்லாம் கழட்டிட்டேன் கண்ணு’ என்பார்கள். உள்ளே கூட்டிப்போனால் ஊக்கு எழுந்து, புடவையையும் இழுத்துக்கொண்டு மெஷினைப் பார்த்து நிற்கும். ஒரு தடவை கொத்தாக ஏழு ஊக்கு. மெட்டி, ஹேர்பின், அரைஞாண் எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொள்ளட்டும், அதில் தகராறு வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. பார்த்தாலும் அது ‘இருக்கலாம்’தான். கடைசிப் பேர், எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பேத்தாலஜி டாக்டர் வைப்பது. 1 முதல் 4 வரை கிரேடு போடுவார்கள். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய முறைப்படி சில கட்டிகளுக்கு மரபணுச் சோதனையும் பார்த்துத்தான் பேரே முடிவாகும். கத்தி வைத்தால் பரவும் என்று மாமா சொல்வது சரியில்லை. மூளையிலேயே பிறக்கும் கட்டிகள் உடம்பின் மற்ற இடங்களுக்குப் போவது மிக அபூர்வம்.

எங்கே போவது என்பதற்கு: தர்மபுரி மெடிக்கல் காலேஜ், சேலம் பெரியாஸ்பத்திரி, இல்லையென்றால் பெங்களூர் நிம்ஹான்ஸ். நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, அவசரப் பிரிவு இரவு பகல் உண்டு. தமிழ்நாட்டுக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. எங்கே போனாலும் ஃபிலிமோடு, ஸ்கேன் படம் பதிந்த சி.டி. தட்டையும் வாங்கிக்கொண்டு போங்கள். நீங்கள் இங்கே எழுதியதை ஒரு தாளில் மாத வரிசையில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். தையில் மருந்து நாற்றம், மாசியில் குழம்பு, அப்படி.

————

பென்னாகரம்_மினிபஸ்
ஜூலை 10, இரவு 9.30

அக்கா சொன்னதோடு என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 46 வயது, பதினாறு வருடம் மினி பஸ் ஓட்டினேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆறு மாதத்தில் நாலு தடவை சைடு கண்ணாடியை உடைத்தேன். இரண்டு இடது பக்கம், இரண்டு வலது பக்கம். ஓனர் குடித்துவிட்டு ஓட்டுகிறேன் என்று நினைத்தார். எனக்கு டீயைத் தவிர வேறு பழக்கம் இல்லை. பைக்காரன் எங்கிருந்து வருகிறான் என்றே தெரியாது, திடீரென்று முகத்துக்கு நேரே முளைப்பான். கண்ணாடிக் கடையில் மூன்று முறை பவர் மாற்றினார்கள். போர்டில் கடைசி வரி எழுத்து வரைக்கும் படிப்பேன், ஆனால் மறுநாள் தூணில் இடிப்பேன்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் என்னை ஒரு கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் தலையை வைக்கச் சொல்லி, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னது. முடிவு ஒரு தாளில் வந்தது. இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பாதி கறுப்பு. குதிரைக்குக் கண்பட்டை கட்டின மாதிரி நடுவில் மட்டும்தான் நான் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டாக்டர்தான் தலைக்கு ஸ்கேன் எழுதினார்.

மூளைக்கு அடியில் இருக்கும் பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பியில் 2.6 செ.மீ. கட்டி. இரண்டு கண் நரம்பும் குறுக்கே போகிற இடத்தைக் கீழேயிருந்து முட்டியிருக்கிறது. ரத்தத்தில் புரோலாக்டின் பார்த்தார்கள், எக்கச்சக்கம். அது பெண்களுக்குப் பால் சுரக்கிற ஹார்மோன், எனக்கு எதற்கு என்று கேட்டேன். ஆண்களுக்கும் கொஞ்சம் உண்டாம், கூடினால் வேறு பிரச்சினை வருமாம். அது என்ன பிரச்சினை என்று இங்கே விரிவாக எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு வருடமாக மனைவியிடமிருந்து விலகியே படுத்தேன், வயசு என்று நினைத்தேன். அதையும் டாக்டரிடம் சொன்னால்தான் கணக்கு சேரும்.

எனக்கு ஆபரேஷனே செய்யவில்லை. கேபர்கோலின் என்று மாத்திரை, வாரத்துக்கு இரண்டு நாள். மூன்று மாதத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியது, கறுப்பும் விலகியது. எல்லாப் பிட்யூட்டரிக் கட்டிக்கும் மாத்திரை கேட்காது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மூக்கு வழியாகத்தான் எடுத்தார்கள். அவருக்கு மோதிரம் விரலில் ஏறாமல், செருப்பு அளவு இரண்டு நம்பர் கூடிப் போயிருந்தது. அது வேறு ஹார்மோன்.

இப்போது அதே பஸ்ஸில் டிக்கெட் போடுகிறேன். புது டிரைவர் கண்ணாடியை உடைத்தால் மட்டும் எனக்குத் திக்கென்கிறது.

————

சிப்காட்_பி_ஷிஃப்ட்
ஜூலை 11, நள்ளிரவு 12.50

ஓசூரிலிருந்து எழுதுகிறேன். எழுதலாமா என்று யோசித்தேன். நல்லபடியாக முடிந்தவர்கள் மட்டும் எழுதினால் அது பாதிக் கதைதானே.

என் அண்ணனுக்கு 43. டூல் ரூமில் ஃபிட்டர். ஒரு நாள் வேலையில் வெர்னியர் என்ற அளவுக் கருவியைக் காட்டி “அந்த டம்ளரை எடு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஒரு வாரத்தில் என் பேர் வரவில்லை. என்னைத் தெரிகிறது, பேர்தான் வரவில்லை. தலைவலி என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. இடது பக்கம், உள்ளேயே வளர்ந்த கட்டி. முடிந்தவரை எடுத்தார்கள். பேத்தாலஜியில் க்ளையோபிளாஸ்டோமா, ஐடிஹெச் வைல்ட் டைப் (அது மரபணுச் சோதனை வரி), கிரேடு 4 என்று வந்தது. ஆறு வாரம் கதிர்வீச்சு, டெமோசோலமைடு மாத்திரை. பதினேழு மாதம் இருந்தார். அதில் ஒரு பத்து மாதம் நன்றாக இருந்தார், ஒகேனக்கல் போய் மீன் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

தம்பிக்கு இரண்டே விஷயம். பேத்தாலஜி ரிப்போர்ட்டை முழுசாகப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பேருக்கு அடியில் வருகிற சோதனை வரிகளோடு சேர்த்து. சதையை மெழுகுக் கட்டியில் புதைத்து வைத்திருப்பார்கள். வேறு ஆஸ்பத்திரியில் இன்னொரு அபிப்பிராயம் கேட்கவேண்டும் என்றால் அந்த மெழுகுக் கட்டியையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கலாம். இது எங்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

இன்னொன்று, அண்ணன் பேசவும் கையெழுத்துப் போடவும் முடிந்த நாட்களில் பி.எஃப்., பேங்க் எதையும் நாங்கள் பேசவில்லை. பேசினால் அபசகுனம் என்று அம்மா நினைத்தார். பிறகு அண்ணி அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. உங்கள் அம்மாவுக்கு இது தேவைப்படாது என்றுதான் ரிப்போர்ட்டைப் பார்த்தால் தோன்றுகிறது. இருந்தாலும் தோப்புப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது?

————

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு
ஜூலை 12, மாலை 4.20

எல்லோருக்கும் நன்றி. ஓசூர் அண்ணா, பத்திரம் அம்மா பேரில்தான். நீங்கள் கேட்டது சரி.

எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது. அக்கா, நாலு ஊக்கு. அதுவும் மூன்றைக் கழற்றிக் கொடுத்த பிறகு ஜாக்கெட்டில் இன்னொன்று. அப்பா வெளியே நின்று சிரித்தார், ஒரு மாதத்தில் முதல் தடவையாக. உறையில்தான் ஒட்டியிருக்கிறது, மெனிஞ்சியோமாவேதான் என்கிறார்கள். கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது, ரொம்ப நாள் தள்ளவேண்டாம் என்றார். நான் எழுதிக் கொண்டுபோன தாளை ஃபைலிலேயே வைத்து பின் அடித்துக்கொண்டார். பெங்களூரில் ஆபரேஷனுக்கு நாள் கேட்டிருக்கிறோம்.

மாமாவுக்கு அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்பு விஷயம்: அப்பா நேராகக் கேட்கவில்லை. காலையில் படுக்கைத் துணியை அவரே எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போகிறார்.

————

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு
ஆகஸ்ட் 30, இரவு 8.10

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ஏழு மணி நேரம். அம்மா தலையில் காதிலிருந்து காதுக்குத் தையல், மேலே துண்டைக் கட்டிக்கொள்கிறார். முதல் நாலு நாள் முகம் வீங்கி எங்களையே பயமுறுத்தினார். இப்போது நடக்கிறார், பாத்ரூம் தானே போகிறார். நேற்று வியாபாரிக்குப் போன் போட்டு, ஜூன் மாதம் கொடுத்த விலை என்ன நியாயம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் திகைத்துப்போனார்.

வாசனை மட்டும் வரவில்லை. அந்த நரம்பு போனது போனதுதான் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அம்மா சமைக்கும்போது அப்பா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார், மூக்கு டியூட்டி.

பேத்தாலஜி வந்துவிட்டது: மெனிஞ்சியோமா, கிரேடு 1. அடியில் கேஐ-67, 3 சதவீதம் என்று ஒரு வரி. அக்கா, அது என்ன? கதிர்வீச்சு வேண்டாம், மூன்று மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

————

ஸ்கேன்_ரூம்_அக்கா
ஆகஸ்ட் 30, இரவு 10.45

சந்தோஷம் தம்பி. பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல் நூற்றுக்கு எத்தனை என்பதைச் சொல்லும் எண் அது. மூன்று என்றால் குறைவு, கிரேடு 1-க்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. முழுசாக எடுத்தாலும் சிலருக்கு வருடங்கள் கழித்து அதே இடத்தில் வரும், அதனால்தான் திரும்பத் திரும்பப் படம். பழைய சி.டி., இந்த எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியிருக்கும். வலிப்பு மாத்திரை நிறுத்துவது டாக்டர் சொன்ன பிறகு. வீட்டில் கேஸ் அடுப்பு என்றால் கேஸ் கசிவுக்கு அலாரம் விற்கிறார்கள், ஒன்று வாங்கி மாட்டுங்கள். அப்பா தூங்கிவிடும் நேரமும் உண்டே.

நவம்பரில் எங்கள் சென்டருக்கே வந்தாலும் வாருங்கள். ஜாக்கெட் ஊக்கையும் எண்ணிக் கழற்றிவிட்டு.